தாய்மாமன் அனுப்பிய பெட்டி

2007ஆம் வருடம், சித்திரை மாதம். தலைப்பிரசவத்துக்காக ஆண்டிமடத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். கணவருக்குப் பெரம்பலூரில் எலெக்ட்ரிகல் கடை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

வளைகாப்பு முடிந்த கையோடு சிங்கப்பூரிலிருந்து அண்ணன் ஃபோன் செய்தான். தாய்மாமன் சீராகச் சங்கிலி, அரைஞாண் எல்லாம் கிடையாதாம். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியில் இருக்கும் ரத்தத்தைப் பிடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் உறைய வைத்துப் பாதுகாக்கப் போகிறானாம். பின்னாளில் பெரிய வியாதி ஏதாவது வந்தால் உதவுமாம். கம்பெனி அனுப்பிய தாள்களில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. படித்த பள்ளிக்கூடத்திலிருந்து கட்டிக்கொண்ட மாப்பிள்ளை வரை எனக்காக யாரோ முடிவு செய்ததுதான்.

பத்து நாளில் பெட்டி வந்தது. உள்ளே ரத்தம் பிடிக்கிற பை, ஊசி, குழாய். அம்மா அந்தப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து சாமி அலமாரியில் ஏற்றிவிட்டாள். "மாமன் சீரு வந்துருக்கு, வந்து பாத்துட்டுப் போங்க" என்று தெருவையே கூப்பிட்டாள். வந்தவர்கள் பெட்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் மாதம் முடிவதற்குள் ஒரு காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. வாடகைக் காரில் அரியலூர் நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். பெட்டி அம்மா மடியில். கணவரும் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருடைய செல்ஃபோனில் அண்ணன், வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தான்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "கொறமாசம்மா, பிள்ளை சின்னதா இருக்கும். கொடியை ஒடனே வெட்டுனாத்தான் இந்தப் பைக்கு வேண்டிய ரத்தம் கெடைக்கும். ரெண்டு நிமிஷம் பொறுத்து வெட்டுனா அந்த ரத்தம் பிள்ளைக்குள்ள போயிரும், அதுக்குத் தெம்பு. ரெண்டும் நடக்காது. நீங்க என்ன சொல்றீங்க?"

"அவங்ககிட்ட கேளுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நர்ஸே வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கணவர், மச்சான் சொல்கிறபடி என்றாராம். அண்ணன், இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறேன், பையில்தான் பிடிக்க வேண்டும் என்றானாம். சீரை வேண்டாமென்றால் அவன் மனசு என்னாகும் என்று அம்மா அழுகிறாளாம். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மறுபடியும் என்னையே பார்த்தார். "நான் ஒங்களத்தான் கேட்டேன்."

எனக்குப் பயம்தான். அண்ணன் கோபக்காரன், முறுக்கிக்கொண்டால் வருடக்கணக்கில் பேசமாட்டான். ஆனால் என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம் என்கிற வியாதிக்காக, இன்றைக்குத் தெம்பில்லாமல் பிறக்கப்போகிற பிள்ளையின் பங்கை எடுத்து வைப்பதா? "பொறுத்தே வெட்டுங்க டாக்டர்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மகள் பிறந்தாள். பூனைக்குட்டி மாதிரி ஓர் அழுகை. துணியில் சுற்றிக் கொடியோடு என் வயிற்றின் மேல் கிடத்தினார்கள். டாக்டரம்மா என் விரலைப் பிடித்துக் கொடியின் மேல் வைத்தார். துடித்தது. அவளுடைய ரத்தம் அவளுக்கே போய்க்கொண்டிருந்தது. வெளிறிக் கிடந்த முகம் மெல்லச் சிவந்தது. துடிப்பு நின்ற பிறகுதான் வெட்டினார்கள். பை காலியாகவே கிடந்தது.

பிள்ளையைத் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி வைத்திருந்த ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் தானாகவே பால் குடித்தாள். அந்த ரத்தத்தால்தான் என்று சத்தியம் செய்ய நான் டாக்டர் இல்லை. ஆனால் தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

எதிர்பார்த்தபடியே அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், என் பக்கம் திரும்பாமலேயே பிள்ளையை மட்டும் தூக்கினான். அவள் அவனுடைய கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விடுவிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"என்னா புடி புடிக்கிறா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ செஞ்சதுதான் சரி, விடு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் எதற்கும் முதலில் என்னைத்தான் கேட்கிறார்கள். அன்று பிரசவ மேசையில் நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், இன்றைக்கும் அடுத்தவர் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன்.