ட்ரோன்காரன் சோலையப்பன்

வளைகுடாவில் அல் தைத் பக்கத்துப் பேரீச்சந்தோட்டங்களில் ட்ரோனைப் பறக்கவிட்டு மருந்தடித்த முதல் ஆள் யார் என்று கேட்டால், கேம்ப்பில் எல்லோரும் சோலையப்பனைத்தான் காட்டுவார்கள். அவனோ அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவான். ஒரு காலத்தில் பெருமையடித்துக்கொள்ள அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

திருப்புவனத்துக்காரனான அவனுக்கு விசா பிடித்துக் கூட்டிவந்தவர் ஊர்க்காரர் ஐயப்பன். இருவரும் ஒரே ரூம். ஐயப்பனும் இன்னும் மூன்று பேரும் டிராக்டருக்குப் பின்னால் ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு மரம் மரமாக மருந்தடிப்பார்கள். சோலையப்பனுக்கும் அதே வேலைதான். கம்பெனி ட்ரோன் வாங்கியபோது மற்றவர்கள் தயங்க, இவன் முந்திக்கொண்டு பயிற்சிக்குப் போய் லைசென்ஸோடு வந்தான்.

தோட்ட முதலாளிகளுக்கு ட்ரோனை ஓட்டிக் காட்ட ஒரு நாள் குறித்தார்கள். டேங்கில் மருந்து நிரப்பும் வேலை ஐயப்பனுக்கு. அதற்கு முந்தின நாள் சாப்பாட்டின்போது அவர் சொன்னார்: “தம்பி, நாளைக்குப் பையவே ஓட்டு. வெரசா முடிச்சேன்னா, இவய்ங்க எதுக்குன்னு எங்களை ஊருக்கு அனுப்பிருவாய்ங்க. நானும் பையத்தான் ஊத்துவேன்.”

“இதைச் சொல்லணுமாண்ணே? நான் பாத்துக்கிறேன்.”

மனசாரத்தான் சொன்னான். ஆனால் மறுநாள் கந்தூரா அங்கி போட்ட அரபு முதலாளிகள் வரிசையாக நின்று செல்போனில் படமெடுக்க, மேனேஜர் அம்மார் “ஷாபாஷ்” என்று கைதட்ட, அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான். டேங்க் காலியாகி ட்ரோன் இறங்கியது. ஐயப்பன் பேசிவைத்தபடி நிதானமாக ஊற்றினார். அத்தனை பேர் முன்னால் காத்து நிற்பது சோலையப்பனுக்கு மானக்கேடாகப் பட்டது.

“ஜல்தி, ஜல்தி. கையில என்ன, சீக்கா?” என்று கத்திவிட்டான்.

ஐயப்பன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து வேகமாக ஊற்றினார். அந்தப் பார்வை இன்றைக்கும் அவனை அறுக்கிறது.

அடுத்த வாரம் அம்மார் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஓஸ் பைப் வேலை கலாஸ், இனிமேல் கிடையாது. நால்வரில் ஒருவரை மட்டும் ட்ரோனுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், யார் வேண்டும் என்று கேட்டார். ஐயப்பன் என்றான் சோலையப்பன்.

“அந்த மெத்தனமான ஆளா? அன்னைக்கு நீயே கத்தினியே. அவன் வேண்டாம்” என்றார் அம்மார்.

இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்தது அது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் வேலைக்கும் ஆபத்து. வாயைத் திறந்தான். அருள்முருகன் என்ற இன்னொருவனின் பெயர்தான் வந்தது.

ரூமுக்கு வந்தபோது ஐயப்பன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எம்பேரைச் சொன்னியாடா?”

“சொன்னேண்ணே.”

அது பொய்யில்லை. அதுதான் அவனுக்குப் பொய்யைவிடக் கேவலமாக இருந்தது.

“சொன்னீல்ல, அது போதும். அந்தாளு கேக்கலைன்னா நீ என்ன செய்வ? ஊருக்குப் போனதும் மொத வேலையா உன் வீட்டுக்குப் போயி, எனக்காக நீ பேசுனதை உன் பொண்டாட்டிக்கிட்டச் சொல்லணும்.”

“வேணாம்ணே” என்றான் சோலையப்பன்.

அடக்கத்தில் சொல்கிறான் என்று நினைத்து, ஐயப்பன் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.