தம்ளரில் கரைத்த மாத்திரை

ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்து அம்மாவின் உள்ளங்கையில் ஒரு தைராய்டு மாத்திரையை வைத்து, எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொடுக்க வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் அவள் சாயா குடிக்காமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அந்த ஒரு மணி நேரமும் நான் அவளை விரட்டிய விரட்டை எந்த ஹெட்மாஸ்டரும் விரட்டியிருக்க மாட்டார்.

அம்மாவின் கழுத்தில் இருந்த கழலையை எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்திருந்தார்கள். கழலையோடு தைராய்டு சுரப்பியும் போய்விட்டது. இனி அது சுரக்க வேண்டியதை மாத்திரைதான் கொடுக்கும், அது இல்லாமல் உன் அம்மாவால் இருக்க முடியாது என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். அது வெறும் கழலை இல்லை, புற்று என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் அப்பா, "நாளையிலேர்ந்து அம்மாவுக்கு மாத்திரை வேண்டாம். டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்" என்றார். ஏன் என்று கேட்டேன். "சின்னப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்? போய்ப் படி."

விஷயம் இதுதான். கழுத்துக்குள் மிச்சம் கிடக்கும் புற்றைப் பொசுக்க அயோடின் மருந்து கொடுக்கப் போகிறார்கள். அது பிடிக்க வேண்டுமானால், நாலு வாரம் மாத்திரையே இல்லாமல் உடம்பு காய்ந்து கிடக்க வேண்டும். சாப்பாட்டிலும் அயோடின் சேரக் கூடாது என்று வீட்டில் பால் நின்றது, மீன் நின்றது, உப்புகூட வேறு உப்பு. இதில் ஒன்றுக்கும் எனக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரிந்து டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்னது ஒரே ஒருவருக்குத்தான், பக்கத்து வீட்டுக் கிழவருக்கு. அவர் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார்.

நாங்கள் மட்டாஞ்சேரியில் துணி வெளுக்கிற தமிழ்க் குடும்பம். ஓட்டல் விரிப்புகளை அம்மா கிளிப் போடாமல், முறுக்கின கயிற்றின் புரிக்குள் முனையைச் சொருகிச் சொருகிக் காயப்போடுவாள். ஒரு கொடியை நிரப்ப அவளுக்கு ஒரு சாயா ஆறுகிற நேரம் போதும். மாத்திரை நின்ற இரண்டாம் வாரம் அவள் கயிற்றுக்கு முன்னால் ஈர விரிப்போடு, எதற்கு வந்தோம் என்று தெரியாதவள்போல நின்றாள். முகம் உப்பிவிட்டது. குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. கொச்சிப் புழுக்கத்தில் போர்வை கேட்டாள். பேச ஆரம்பித்து பாதியில் தூங்கினாள்.

வகுப்பு வாசலில் பியூன் தலை தெரிந்தாலே, செத்துப்போய்விட்டாள், என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று புத்தகங்களைப் பைக்குள் அடைக்க ஆரம்பித்துவிடுவேன். பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து கைவிட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். அவர்கள் விட்டால் விடட்டும்.

மாத்திரை பாட்டில் அலமாரியின் மேல்தட்டில்தான் இருந்தது. மறுநாள் காலை ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தண்ணீரில் கலக்கிக் கொண்டுபோனேன். அம்மா படுத்தபடியே வாங்கிக் குடித்தாள்.

"என்னடி, தண்ணி ஒரு மாதிரி இருக்கு?"

"பைப்பு தண்ணிம்மா, அப்படித்தான் வருது."

எங்கள் பக்கத்துப் பைப்புத் தண்ணீரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பலாம். அம்மாவும் நம்பினாள்.

நாள் தவறாமல் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வடிந்தது. ஒருநாள் எழுந்து போய் அரைக் கொடி துணி போட்டாள். "பரவாயில்லையே, நல்லா தாங்குறாளே" என்று அப்பா சந்தோஷப்பட்டார். என் பெருமையை நான் யாரிடம் சொல்ல? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நாலு வாரம் முடிந்து, ரத்தம் பார்க்க இருவரும் போட் ஏறி எர்ணாகுளம் போனார்கள். சாயங்காலம் திரும்பியபோது அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. மாத்திரையை நிறுத்தினால் ரத்தத்தில் ஏற வேண்டிய அளவு ஏறவே இல்லையாம். "மருந்து நிர்த்தியில்லே?" என்று டாக்டர் கேட்டாராம். இல்லை, நிறுத்திவிட்டேன் என்று அம்மா சத்தியம் செய்தாளாம். இப்போது அயோடின் மருந்து கொடுக்க முடியாது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

அப்பா நேராகப் போய் அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். நிறுத்தியபோது அரைப் பாட்டில் இருந்தது; இப்போது அடியில் நாலைந்து மாத்திரைகள் கலகலத்தன.

"இது என்ன? உசிரோட விளையாடுறியா?"

அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா பாட்டிலைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள் அம்மா. "தாங்க முடியலை."

"கழுத்துக்குள்ள அதை வச்சுக்கிட்டு இன்னும் ஒரு மாசமா?" என்று சொல்லிக்கொண்டே அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். பாட்டிலைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுபடியும் முதல் நாளிலிருந்து நாலு வாரம்.

எனக்குப் பகீரென்றது. நான் கொடுத்தது போதாதென்று அம்மாவும் திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறாளா! அதுதான் எல்லாம் கெட்டுவிட்டது. நாளைக்கு ஒன்று என்பது அளவு, இரண்டு என்றால் அதிகம்தானே? என் கணக்கில் தப்பே இல்லை.

மறுநாள் காலை அவளிடம் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே? டாக்டர் சொன்னா கேக்க மாட்டியா?"

அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "தப்புதான்டி கண்ணு. இனிமே பண்ணமாட்டேன்."

நானும் பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்துவிட்டேன்.