அத்தை மாப்பிள்ளை பார்க்கப் போனது

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போன சொஜ்ஜி பஜ்ஜியை வைத்து ஒரு கல்யாணப் பந்தியையே நடத்தியிருக்கலாம் என்பாள் அம்மா. அத்தை அப்பாவின் தங்கை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லி, பவர் பார்த்துச் சொல்வாள். ஊரில் பாதிப் பேரின் கண்ணைச் சோதித்தவளை, பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் நிற்க வைத்துச் சோதித்தார்கள். ஒரு வீட்டாருக்கு அவள் உயரம் ஜாஸ்தி. இன்னொரு வீட்டாருக்கு நிறம் கம்மி. மற்றொருவருக்கு வேலைக்குப் போகிற பெண்ணே ஆகாது. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனவர்கள் போனவர்கள்தான்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. எனக்கு சொஜ்ஜி பிடிக்கும். அதனால் வந்து போனவர்கள் யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது.

கடைசியாக ஒரு வரன் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தது. நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கிற குடும்பம், பையனுக்குச் சென்னையில் டிவியில் வேலை என்றார் தரகர். போட்டோவில் பையன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பெரிய கேமரா மேல் கை வைத்தபடி நின்றிருந்தார். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு அத்தை தலையை ஆட்டவில்லை.

"இனிமே யாரு முன்னாலயும் நான் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேண்ணா. பாக்கணும்னா நான் போய்ப் பாக்கறேன். நான் பாக்கறது அவருக்குத் தெரியக் கூடாது."

"இது எந்த ஊரு வழக்கம்மா? பொண்ணு போய் மாப்பிள்ளையப் பாக்கறது?"

"நூறு ரூபா ஃப்ரேம் வாங்க வர்றவங்க கூட பத்து தடவ போட்டுப் போட்டுப் பாத்துட்டுதாண்ணா வாங்கறாங்க."

அப்பா போட்டோவை எடுத்துக் கவருக்குள் வைத்தார். பிறகு, சரி, போய்ப் பார்த்துவிட்டு இதுவும் வேண்டாம் என்றால் இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தன் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான். அன்று முழுவதும் அம்மா பாத்திரங்களை ஓசையில்லாமல் வைத்து எடுத்ததிலிருந்து விஷயம் பெரிது என்று எனக்கே தெரிந்தது.

வழி தானாகக் கிடைத்தது. எங்கள் தெருவில் ஓர் அக்கா, டிவி போட்டி நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர்களைத் திரட்டிக்கொண்டு போவார். கை தட்ட ஆள் வேண்டுமாம். வேனும் சாப்பாட்டுப் பொட்டலமும் அவர்களே தந்துவிடுவார்கள். அவர் ஆள் கூட்டிப் போகிற நிகழ்ச்சியில்தான் கீழ்பென்னாத்தூர்ப் பையனும் வேலை பார்த்தார் என்று தரகரிடம் பேச்சுக்கொடுத்து அத்தையே கண்டுபிடித்தாள். ஆக அப்பா, அம்மா, அத்தை, நான் நாலு பேரும் கை தட்டுவதற்காகப் பட்டணம் கிளம்பினோம். என் வாயை நம்ப முடியாது என்பதால் அம்மா முன்கூட்டியே என்னிடம் விஷயத்தைச் சொல்லி, சத்தியமும் வாங்கிக்கொண்டாள். எனக்கு மாப்பிள்ளையை விட டிவியில் என் மூஞ்சி வருமே என்பதுதான் பெரிது. புதுப் பாவாடையும் இரண்டு ஜடையுமாக வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன்.

ஸ்டூடியோ வெளியிலிருந்து பார்க்க நெல் குடோன் மாதிரி தகரக் கூரையோடு இருந்தது. உள்ளே போனால் மார்கழிக் குளிர். வாசலில் காதில் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு ஒருவர் நின்று, எங்களை வரிசையாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அவர்தான் மாப்பிள்ளை என்பதை உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கும் அத்தைக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. போட்டோவில் கேமரா இருந்ததே, அதனால் மாப்பிள்ளை கேமராக்காரர் என்று நானே தீர்மானம் பண்ணியிருந்தேன். உள்ளே ஒரு நீளமான கிரேன் நுனியில் கேமராவைக் கட்டி, ஒரு மனிதர் அதை ஏற்றம் இறைப்பது போல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவரும் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். சந்தேகமே இல்லை, இவர்தான் நம் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலிலேயே அப்பா மாட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை கூடாது என்று அந்த அக்கா நாலு தடவை சொல்லியிருந்தார். அப்பாவிடம் வேறு நிறத்தில் சட்டை கிடையாது.

"சார், வெள்ள லைட்ல கண்ணக் கூசும் சார். தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு மைக்காரர் உள்ளே ஓடிப்போய், ஜரிகை வைத்த ஊதா ஜிப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையை எடை போட வந்த அப்பா, மாப்பிள்ளை முன்னாலேயே சட்டையைக் கழற்றி அதை மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. கழுத்துப் பொத்தான் அப்பாவுக்குப் போடவரவில்லை. மைக்காரரே போட்டுவிட்டு, "சூப்பரா இருக்கீங்க சார்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அதற்கப்புறம் யாருடனும் பேசவில்லை.

பளிச்சென்று புடவை கட்டியவர்களை முன்னால் உட்கார வைத்தார்கள். எங்கள் வேனில் முழங்கால் வலிக்காரப் பாட்டியம்மா ஒருவர் வந்திருந்தார். அவரைக் கடைசி வரிசைக்கு ஏற்றப் பார்த்தார்கள். மைக்காரர் வந்து பாட்டியம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, நடைபாதை ஓரமாக ஓர் இடத்தில் உட்கார வைத்து, "பாத்ரூம் போணும்னா எனக்குக் கை காட்டுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அதைப் பார்த்தாள். கடையில் ஒருவரை உட்கார வைத்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

நிகழ்ச்சி ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கு வேலை ஆரம்பித்துவிட்டது. மேடையில் ஈ காக்கை இல்லை. மைக்காரர் மட்டும் எங்களைப் பார்த்து நின்றுகொண்டு கையைத் தூக்குவார், நாங்கள் கை தட்ட வேண்டும். கையைச் சுற்றுவார், விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். உள்ளங்கையை நெஞ்சில் வைப்பார், யாரோ தோற்றுப்போன மாதிரி வருத்தப்பட வேண்டும். இதையெல்லாம் பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். யாருமே தோற்காத அந்த மேடையைப் பார்த்து அம்மா நிஜமாகவே கண் கலங்கினாள். அவளுக்கு அந்தத் திறமை உண்டு. அம்மாவை மட்டும் இரண்டு தடவை படம் பிடித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நான் கிரேன் மனிதர் எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அத்தையின் தோளைத் தட்டி, "அத்த, அத்த, பாக்கறாரு" என்று கிசுகிசுத்தேன். அவருக்குக் கையும் ஆட்டினேன். அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் தயிர்சாதப் பொட்டலம் வந்தது. எல்லாருக்கும் கிடைத்ததா என்று மைக்காரர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு அத்தை அம்மாவிடம், "அவரு இன்னும் சாப்பிடல அண்ணி" என்றாள். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அத்தையின் முகத்தையே பார்த்தாள். தயிர்சாதத்தில் என்ன இருக்கிறது என்று நான் என் பொட்டலத்தைக் கிளறிப் பார்த்தேன்.

சாயங்காலம் கடைசிச் சுற்று. நாலு ஜோடிகளில் ஒரு ஜோடி ஜெயித்தது. ஜெயித்தவர்களுக்காக மேடைக்குப் பின்னால் மலை மாதிரி படிப்படியாக உயர்த்திக் கட்டி, உச்சியில் ஒரு பெரிய கொப்பரையை வைத்திருந்தார்கள். அதை நாங்கள் அதுவரை கவனிக்கவில்லை. திடீரென்று எல்லா விளக்கும் அணைந்தது. கும்மிருட்டு. உச்சியிலிருந்த கொப்பரையில் குபீரென்று மஞ்சள் வெளிச்சம் எழும்பியது.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் கை தட்டியிருப்பார்கள். நாங்கள் திருவண்ணாமலைக்காரர்கள். இருட்டில் உசரத்தில் கொப்பரை எரிந்தால் கை எங்களைக் கேட்டுக்கொண்டா மேலே போகும்? காலையிலிருந்து வாய் திறக்காத அப்பா ஊதா ஜிப்பாவோடு துள்ளி எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "அண்ணாமலையாருக்கு..." என்றார். எங்கள் வேன் மொத்தமும் எழுந்து, "அரோகரா!" என்றது. முழங்கால் வலிக்காரப் பாட்டியம்மா கூட எழுந்துவிட்டார்.

மேடைக்குக் கீழே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தபடி இன்னொரு ஜோடிக் கைகளும் தலைக்கு மேல் கூம்பியிருந்தன. மைக்காரருடைய கைகள்.

விளக்குகள் போடப்பட்டன. மேலே எங்கிருந்தோ ஸ்பீக்கரில் டைரக்டரின் குரல் இடித்தது. "கட்! கட்! யாருய்யா அது கோயில்ல நிக்கற மாதிரி? அந்த வரிசைய மொத்தமா வெளிய அனுப்பு!"

நாங்கள் கைகளை இறக்கிக்கொண்டு நின்றோம். டிவியில் என் மூஞ்சி வராது என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தை மட்டும் எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவள் மைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்களைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, "சார், அவங்க மேல தப்பு இல்ல சார். நான்தான் தப்பா கை காட்டிட்டேன்" என்றார்.

அடுத்த பத்து நிமிஷம் அவர் வாங்கிய வசவு இருக்கிறதே, அத்தனை பேர் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்து, சரி சார், சரி சார் என்று வாங்கிக்கொண்டார். முடிந்ததும் எங்களிடம் வந்தார். அவர் முகத்தில் சிரிப்புதான் இருந்தது.

"எந்த ஊருங்க நீங்கல்லாம்?"

"திருவண்ணாமலைங்க" என்றாள் அத்தை. அன்று அவள் அவரிடம் பேசியது அது ஒன்றுதான்.

"அப்படிச் சொல்லுங்க! நான் கீழ்பென்னாத்தூருங்க. எங்க கழனியில நின்னாலே தீபம் தெரியும். இந்த வருஷமும் லீவு கெடைக்கல." மைக்கைச் சரிசெய்துகொண்டார். "மறுபடி எரிய விடுவாங்க. கும்பிடாதீங்க, கை மட்டும் தட்டுங்க. எனக்கும் சேத்துதான் சொல்லிக்கறேன்."

மறுபடி எரிந்தது. ஒழுங்காகக் கை தட்டினோம். அம்மாவின் கை மட்டும் பாதி வரை போய்த் திரும்பியது.

திரும்பும்போது வேனில் அப்பாதான் முதலில் பேசினார். அவர் தன் வெள்ளைச் சட்டைக்குத் திரும்பியிருந்ததால் தைரியமும் திரும்பியிருந்தது. "டிவில வேலன்னதும் நான் கேமராமேன்னு நெனச்சேன். கை தட்டச் சொல்ற வேலையாம். எல்லார் முன்னாலயும் திட்டு வேற வாங்கறாரு. உனக்கு வேணாம்னா வேணாம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அத்தை ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லுண்ணா. தட்ட மட்டும் நீ தூக்கிட்டு வா."

அம்மா சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான். கிரேன் மாமா வீட்டுக்கு வருவார், என்னைக் கிரேனில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே அம்மா மடியில் தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவரைப் பார்த்ததும், "கிரேன் மாமா எங்க?" என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அப்பா சொஜ்ஜித் தட்டோடு வந்து நிற்க, மாப்பிள்ளை அப்பாவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்து, "சார், நீங்க அந்த ஊதா ஜிப்பா..." என்று எழுந்து நின்றுவிட்டார். அப்புறம்தான் உள்ளேயிருந்து அத்தை வெறுங்கையோடு வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் பெரிய ஏமாற்றம். இத்தனை தூரம் போய், திட்டு வாங்கியவரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று அத்தை மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்த நிகழ்ச்சி டிவியில் வந்தது. அக்கம்பக்கத்து வீட்டாரும் வந்துவிட்டார்கள். அரோகராவை வெட்டியிருந்தார்கள். அம்மா அழுதது வந்தது. யாரோ ஜெயித்ததற்கு அழுகிற மாதிரி அதை ஒட்டியிருந்தார்கள். அப்பாவின் ஊதாத் தோள் ஒன்று வந்தது. என் மூஞ்சி வரவே இல்லை. அத்தையின் மூஞ்சியும் வரவில்லை. நான் தரையில் விழுந்து அழ ஆரம்பித்தேன். அத்தையும் அழுவாள், சேர்ந்து அழலாம் என்று பார்த்தால் அவள் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில், வெட்ட மறந்துபோன ஒரு கை, முழங்கை வரைக்கும் மட்டும், மேலே போய் இறங்கியது.

"இதோ, பாத்தியாடி?" என்றாள் அத்தை.

"அது வெறும் கைதான அத்த. மூஞ்சியே வரலயே!"

"அது போதும்டி" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அந்தக் கை யாரைப் பிடித்து இறக்கியது, யாருக்குப் பொத்தான் போட்டது, இருட்டில் எப்படிக் கூம்பியது என்று அவள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருந்தாள். எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. ஒரு கைக்குப் போய் இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்று கோபம் வந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதேன்.