அரை டப்பாச் சுண்ணாம்பில் எழுதிய பலகை

மேலகரம் ஆவுடைநாயகம் ஒரு கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதினால், அதை மேடையில் வாசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கு மீசை நரைத்துவிடும். ஒருமுறை வாசிப்புக்கு நடுவிலேயே பெண்ணுக்கு வளைகாப்பும் நடந்தது. அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்களே சொன்னது.

அப்பேர்ப்பட்டவருக்குக் குற்றாலத்தில் அருவிக்கரை ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். சீசன் வந்துவிட்டால் கூடுதலாக ஒரு வேலை. பேரருவிக்குப் போகிற வழியில் நிற்கும் கரும்பலகையில் தினமும் காலையில் எச்சரிக்கை எழுதவேண்டும். அருவி இரைச்சலில் விசில் கேட்காது, கூப்பாடு கேட்காது. அங்கே வாயைத் திறந்து பேசக்கூடியது எழுத்து ஒன்றுதான்.

‘திருக்குற்றாலப் புனலாடி இன்புறும் பொருட்டு வருகை புரிந்துள்ள பெருமதிப்பிற்குரிய மெய்யன்பர்களின் மேலான கவனத்திற்கு’ என்று தொடங்குவார். ‘ஆபத்து’ என்ற சொல் வந்துசேர ஏழாவது வரி ஆகும்.

“ஏங்க, ஒங்க போர்டைப் படிக்க வாறவன் கட்டுச்சோறு கொண்டாரணும் போலிருக்கே” என்பாள் அவர் மனைவி முத்துவடிவு.

“ஏளா, அது சர்க்கார் போர்டு. சந்தையில பேசுத மாதிரியா எழுதச் சொல்லுத?”

“படிக்கவன் எந்தக் கோலத்துல நிக்கான்னு பாத்து எழுதச் சொல்லுதேன்.”

அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, 1957 சீசன் வரைக்கும். அந்த வருஷம் சுரண்டை ஊர்ப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுநாள் அவனுடைய அப்பா வந்து பலகை முன்னால் நின்றார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். “எம்பிள்ள இதப் படிச்சிருப்பானா ஐயா?” என்று கேட்டார். “எழுதி வச்சிருக்கோமே” என்றார் ஆபீசர். அந்தப் பையன் பலகை முன்னால் நின்றதையும், இரண்டு வரி படித்துவிட்டுச் சட்டையைக் கழற்றியதையும் ஆவுடைநாயகம் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கண் படிக்கிறவர்கள் மேலேயே இருந்தது. எண்ணெய் வழியும் முகத்தோடு வருவார்கள், இரண்டு வரி, போய்விடுவார்கள். எல்லாம் தெரிந்தும், காலையில் சாக்பீஸை எடுத்தால் கை தன்னாலே ‘திருக்குற்றாலப் புனலாடி’ என்று ஓடிவிடும். இருபது வருஷத்துப் பழக்கம்.

அடுத்த வருஷம் ஆடி மாதம். முத்துவடிவு தன் அண்ணன் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குளிக்கப் போயிருந்தாள். கீழே நல்ல வெயில்; மலைக்கு மேலே மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. காவல்காரர் பிச்சையா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, தண்ணி செவந்துட்டு! சருகும் சுள்ளியுமா வருது. மேல கொட்டுது போலிருக்கு. ஆம்பளையாளுவள நான் இழுத்துப் போட்டுருதேன். பொம்பளையாளுவ பக்கம் எப்படிப் போவ?”

நியாயமான கேள்வி. அந்தப் பக்கம் ஓர் ஆணின் தலை தெரிந்தால் போதும், பெண்கள் கூச்சப்பட்டு இன்னும் உள்ளே போய்ப் பாறையோடு ஒண்டிக்கொள்வார்கள். உள்ளே அனுப்ப ஒரு பெண்ணாள் கண்ணுக்கு எட்டிய வரை இல்லை.

ஆவுடைநாயகம் பலகையைத் தூக்கிக்கொண்டு, பெண்கள் பக்கத்துக்கு எதிரே இருந்த பாறைக்கு ஓடினார். துண்டால் பழைய எழுத்தைத் துடைத்தார். கை ‘பெருமதிப்பிற்கு’ என்று தொடங்கியது. அதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. அவர் ‘கு’ எழுதும்போது ‘பெரு’ கரைந்து வழிந்தது. சாக்பீஸ் விரலில் கூழாகிவிட்டது.

இடுப்பைத் தடவினார். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா அகப்பட்டது. ஈரப்பலகையில் சுண்ணாம்பு ஒட்டும். ஆனால் இருந்தது அரை டப்பா. ‘வெள்ளப்பெருக்கு ஏற்படும் அபாயம்’ என்று எழுதினால் ‘அபாய’த்தோடு தீர்ந்துவிடும். படித்தவள் அப்புறம் என்ன செய்வாள்? அபாயமாம் என்று சொல்லிவிட்டு நிற்பாளே!

அப்போது அவருக்கு மெய்யன்பர்கள் யாரும் நினைவுக்கு வரவில்லை. முத்துவடிவுதான் வந்தாள். கண்ணெல்லாம் சீயக்காய், அரைக்கண் திறந்து ஒருதரம்தான் பார்ப்பாள். அவளிடம் என்ன சொல்லவேண்டும்? அடுப்படியில் நின்றால் எப்படிச் சொல்வாரோ, அதையே விரலால் அப்பினார்.

வெள்ளம் வருது
வெளிய வாங்க

கடைசி எழுத்தோடு டப்பா காலி.

பலகையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். அருவியைப் பார்த்து நிற்க மானம் விடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கடைத்தெருவைப் பார்த்து நின்றார். எழுத்து அந்தப் பக்கம், எழுதியவர் இந்தப் பக்கம். யாராவது படிக்கிறார்களா? தெரியாது. சாரல் அதையும் தின்றுவிட்டதா? தெரியாது. பிச்சையா ஆண்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வருவது மட்டும் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அருவியின் குரல் மாறியது. அதுவரை கீச்சென்று இருந்தது கனத்து, அடிவயிற்றிலிருந்து உறுமியது. காலடியில் பாறை அதிர்ந்தது. சுண்ணாம்பு பட்ட விரல் பொத்துப்போய் எரிந்தது. திரும்பிப் பார்த்துவிடலாமா என்று நினைத்தார். ஒருத்தியும் வந்திருக்காவிட்டால்? கழுத்து திரும்ப மறுத்தது.

முதுகில் ஈரக்கை ஒன்று அறைந்தது.

“ஏங்க, கைய எறக்குங்க. எல்லாரும் வந்தாச்சி.”

முத்துவடிவுதான். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. பின்னால் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, ஒரே சங்கிலியாக, நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஆவுடைநாயகம் இப்போதுதான் திரும்பினார். அவர்கள் குளித்த இடத்தைக் காணவில்லை. செம்மண் தண்ணீர் மரக்கிளையைச் சுழற்றிக்கொண்டு இறங்கியது.

“நீ படிச்சியா?”

“படிச்சதாலதான வந்தேன்? ஒங்க எழுத்த நான் கடைசி வரைக்கும் படிச்சது இன்னைக்குத்தான்.”

அவர் பாறையில் உட்கார்ந்து ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். சுண்ணாம்பு இல்லை, வாய் சிவக்கவே இல்லை. விடாமல் மென்றுகொண்டிருந்தார்.

“சர்க்கார் போர்டுல இப்படியா எழுதுவாவ?” என்று மறுநாள் ஆபீசர் குதித்தார். ஆவுடைநாயகம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு போய் அதே இரண்டு வரியை எழுதினார். ரிட்டையர் ஆகும் வரைக்கும் அந்தப் பலகை மூன்றாவது வரியைக் கண்டதில்லை.

வாழ்த்துமடல் மட்டும் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. கேட்டால், “அங்கன யாரும் தண்ணியில நிக்கலையே” என்பார்.

“மாப்பிள்ளை நிக்கானே, பாவம்” என்பாள் முத்துவடிவு.