பிஸ்கட் மூடியில் நான்கு ஓட்டைகள்

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், ஆயுத பூஜையன்று மத்தியானம், நாங்குநேரியிலிருந்து குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாமாவின் ஜீப்பில் கிளம்புவதாக ஏற்பாடு. அம்மாவின் தம்பியான அவர் அந்த வருஷம் குரங்கு வேஷம் போட நேர்ந்திருந்தார். காலையில் பார்த்தால் ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டிலும் ஆட்டம். உள்ளே போட்டிருந்த மெல்லிய தகடு வளையங்கள் தேய்ந்துவிட்டன. பேட்டையில் போய் வாங்கலாமென்றால் கடைகள் எல்லாம் அடைப்பு.

சந்தனம் வைத்துப் பூஜையில் அடுக்கியிருந்த தகரக் கத்தரியையும் உளியையும் மாமா எடுத்தார்.

"சாமிக்கு வச்சத எடுக்கியே, வெளங்குமா?" என்று அம்மா சடைத்துக்கொண்டாள்.

"சாமியப் பாக்கத்தானேக்கா போறோம்."

பிஸ்கட் டப்பா மூடியில் பழைய வளையத்தை வைத்துக் கோடு கிழித்து வெட்டினார். நடுவில் உளியால் தட்டி எடுத்து, ஓரத்தை அரத்தால் ராவினார். எதையும் எண்ணும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. மூடியில் நான்கு ஓட்டைகள். கிரீஸ் தடவிச் செய்தித்தாளில் அடுக்கியது நான்கு வளையங்கள். மேலே இருந்ததில் மட்டும் மூடியின் ரோஜாச் சிவப்பு விழுந்திருந்தது. அவர் ஜாக்கி எடுக்கப் போன நேரம் அதைத் துடைத்துக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன். கிரீஸில் இரண்டு ஒட்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் எண்ணவில்லை.

வாலை இருக்கைக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொண்டு மாமா ஓட்டினார். திசையன்விளை தாண்டியதும் அப்பா சிரித்தார். "பிஸ்கட் டப்பாவ நம்பிக் குடும்பமே போகுது, மாப்ளே."

"சக்கரத்துக்கு ரெண்டு போட்டிருக்கேன் அத்தான். ஒண்ணு கொறஞ்சாத்தான் பயம். வண்டி சொன்னபடி கேக்காது."

நான் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு சக்கரம், நான்கு வளையம். ஒன்று என் விரலில். அம்மா மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் முன்னால் 'டக்' என்றது. சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முழுதாக நினைக்கவே பயமாயிருந்தது. எட்டுப் பள்ளம் வரை எண்ணினேன். ஒன்பதாவதில் எட்டிக் குனிந்து மாமாவின் காதில் சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பி என் விரலைப் பார்த்தார். பச்சைச் சாயம் பூசிய முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஏட்டி, அது கூடுதலா வெட்டுனது. நீயே வச்சுக்க" என்றார் பைய.

எனக்கு உயிர் திரும்பியது. அதன்பிறகு ஜீப் ஊர்ந்தது.

"நடந்து போறவன்லாம் நம்மள முந்துதான் வே!" என்றார் அப்பா.

"விரதக்காரங்க நடக்குத ரோடு அத்தான்."

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்திருந்த மாமாவின் கழுத்தில் பச்சைச் சாயம் வியர்வையோடு வழிந்தது. விரதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.

திரும்பும்போது, வேறு ஜோலி இருப்பதாகச் சொல்லி எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜீப்பை அவர் மட்டும் ஓட்டிவந்தார். மறுநாள் காலை முற்றத்தில் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த மூடியை எடுத்து எண்ணினேன். ஐந்து ஓட்டைகள்.

எனக்கு இன்னொரு மோதிரம் செய்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது. தீபாவளி வரை கேட்காமல் காத்திருந்தேன். அவர் தரவே இல்லை.