பச்சை கவுன்

குவைத்தில் நான் வேலை பார்க்கும் வீட்டுக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் வருவாள். பிலிப்பைன்ஸ்காரி, பெயர் கிரேஸ். பை நிறைய பொம்மை கொண்டுவருவாள். தரையில் உட்கார்ந்து வீட்டுப் பையன் யூசுப்போடு ஒரு மணி நேரம் விளையாடுவாள். அதற்குப் பெயர் தெரபி. யூசுப்புக்கு மூன்று வயது. பேச்சில்லை. இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது தெரபி அல்ல. விருந்தாளி வந்தால் முதலில் அவனைத்தான் தூக்கிவரச் சொல்வார்கள். எங்கள் பக்கம் அப்படிப்பட்ட பிள்ளையை முதலில் உள்ளே அனுப்புவோம். எங்கள் பக்கம் என்று ஏன் சொல்ல வேண்டும்? நான் அனுப்பினேன்.

எனக்கு ஒரே மகள், பிலோமினா. சென்னையில் எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. என் வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிறவர். போனால் வாரம் கழித்துத்தான் வருவார். பிலோ ஒன்றரை வயதிலும் உட்காரவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. தண்ணி லாரிக்கு நிற்கும்போது, "இன்னாடி, எப்பப் பாரு மூட்டையாட்டம் தூக்கினு வர்ற, எறக்கி வுடேன், ஓடட்டும்" என்பார்கள். சிரிப்பார்கள். அதன்பிறகு அவளை வெளியே எடுத்துப்போவதை விட்டேன்.

மாதம் ஒருமுறை அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு வருவார். எடை போடுவார். நடக்கிறதா, காக்காவைக் காட்டினால் பார்க்கிறதா என்று கேட்டு நோட்டில் எழுதுவார். அந்த நாளில் என் தங்கச்சி ஸ்டெல்லாவை ராயபுரத்திலிருந்து வரச்சொல்வேன். அவள் பெண் ஜெனி, பிலோவைவிட இருபது நாள் மூத்தவள். பிலோவின் பச்சை கவுனை ஜெனிக்குப் போட்டு டீச்சர் முன்னால் நிறுத்துவேன். "அக்கா, இது தப்பு" என்று ஸ்டெல்லா சொல்வாள். சொல்லிக்கொண்டே தலையும் வாரிவிடுவாள். ஒருமுறை டீச்சர், "உன் பேரு இன்னா கண்ணு?" என்று கேட்டார். ஜெனி, "ஜெனி" என்றுதான் சொன்னது. "வூட்ல கூப்புடற பேரு டீச்சர்" என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே டிக் அடித்தார். பிலோ உள்ளே தூளியில் கிடந்தாள். அழமாட்டாள். அவள் அழாதது எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. பிறகு ஸ்டெல்லாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

யூசுப்பின் கையைப் பிடித்து டம்ளரை அடுக்க வைக்கக் கற்றுக்கொண்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பினால் அந்த நொடியே கைதட்ட வேண்டும். தள்ளிப்போட்டால் எதற்குத் தட்டினோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. இது கிரேஸ் சொன்னது. ஒருநாள் அவள், "உனக்குக் குழந்தை உண்டா?" என்று அரைகுறை அரபியில் கேட்டாள். ஒன்று என்றேன். "அதான் இவ்வளவு பொறுமை. கொடுத்துவைத்த பிள்ளை" என்று என் தோளைத் தட்டினாள். அப்படியில்லை என்று சொல்ல எனக்கு அரபி போதாது. தமிழிலும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிலோவுக்கு இப்போது நாலு வயது. போன மாதம் வீட்டுக்காரர் போன் செய்தார். அங்கன்வாடியில் நின்றிருந்தார். "பிலோவ தெரபி சென்டர்ல சேக்கணும்னா டீச்சர் சீட்டு ஓணுமாம். டீச்சர் நோட்ட பாத்துட்டு, நல்லா ஓடினு இருந்த பொண்ணாச்சே, எப்ப வுழுந்திச்சு, ஜொரம் கிரம் வந்திச்சான்னு கேக்குது. நான் இன்னா சொல்ல?"

அவருக்கும் தெரியாது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"டீச்சர், நீங்க பாத்தது எம் பொண்ணு இல்ல. என் தங்கச்சி பொண்ணு."

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "மாசாமாசம் அதே பச்ச கவுனு. வேற துணி இல்ல போலன்னு நெனச்சேம்மா. கிறிஸ்மஸுக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கலாம்னு வெச்சினு இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். டீச்சர் சீட்டு எழுதிக் கொடுத்தார். "மொதல்லேர்ந்து பாக்கணும்மா, ரெண்டு வருசம் பூட்சே" என்று மட்டும் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது கதவைச் சாத்தி வைத்திருந்தால், திறந்துவிடுங்கள். சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பிலோ இப்போது சென்டருக்குப் போகிறாள். மத்தியானம் யூசுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வீடியோ போடுவேன். ஸ்டெல்லா அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முன்னால் மூன்று டம்ளர் வைப்பாள். நேற்றும் அப்படித்தான். "பிலோ" என்று கூப்பிட்டேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். மடியிலிருந்த யூசுப் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

கைதட்டுவதற்காகப் போனைக் கீழே வைத்தேன்.