சோலாரில் காய்ந்த வடகம்

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டிலும் கணக்கு வாத்தியார்தான். ஒரு கட்டு கீரை வாங்கினால், தண்டைக் கழித்து இலை மட்டும் என்ன விலைக்கு விழுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பார்.

ராயப்பன்பட்டியை விட்டுத் தள்ளி, தென்னந்தோப்பு ஓரத்தில் எங்கள் வீடு. எண்பதுகளின் பின்பாதி வரை அங்கே கரண்ட் இல்லை. ஊருக்குள் வந்துவிட்டது, சர்ச்சுக்கு வந்துவிட்டது, சர்ச் கோபுரத்து உச்சிச் சிலுவைக்குக்கூட ஒரு பல்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தோட்ட வீடுகள் ஐந்துக்கு மட்டும் வரவில்லை. போஸ்ட் நட ஆகும் செலவை ஐந்து வீடும் சேர்ந்து கட்டினால் லைன் இழுத்துத் தருகிறோம் என்று மின்சார ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நாலு வீட்டுக்காரர்களும் தயார். கணக்கு வாத்தியார் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கரண்ட் வேண்டியிருந்தது விளக்குக்காக இல்லை, கிரைண்டருக்காக. வீட்டில் ஆறு வாய். ஆறுக்கும் இட்லி, தோசை என்றால் மாவு எங்கிருந்து வரும்? பதினேழு வருஷமாக ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள்பட்டை தனி ஆளாகப் பிரிந்து போயிருந்தது. ஜாக்கெட் மாட்டும்போது அந்தக் கையை இடது கையால் தூக்கித்தான் உள்ளே விட வேண்டும். இதை நான் அவரிடம் சொல்லாமல் இல்லை. சொல்லும்போதெல்லாம் தைலம் வாங்கி வருவார். தைலத்துக்கு என்ன ஆகிறது என்பதும் அவர் நோட்டில் இருந்தது.

இப்படி இருக்கும்போது மதுரையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வெயிலில் கரண்ட் எடுக்கும் பலகையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். நாலு பலகை, ஒரு பெரிய பேட்டரி, ரெண்டு ட்யூப்லைட், ஒரு சின்ன ஃபேன். சலுகை விலை. மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். என் கணவர் அன்று வீட்டுக்கு வந்த நடையே வேறாக இருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்கக் கணக்குப் போட்டார். இந்தப் பக்கம் போஸ்ட், கம்பி, மீட்டர், மாசாமாசம் பில். அந்தப் பக்கம் பலகை, பேட்டரி, சில வருஷத்துக்கு ஒருமுறை புது பேட்டரி, பில் சைபர். மண்ணெண்ணெய் மிச்சம், லாந்தர் கண்ணாடி மிச்சம், திரி மிச்சம். கடைசி வரியில் சோலார் ஜெயித்தது. இதில் கிரைண்டர் ஓடுமா என்று கேட்டேன். ஓடாது, ஆனால் ஆட்டுக்கல்லுக்குத்தான் கரண்ட் செலவே கிடையாதே என்றார். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சட்னியில் உப்பைக் கூட்டிப் போட்டேன்.

பலகை வந்தது. மொட்டை மாடியில் இடுப்பு உயரத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து, லேசான சாய்வாக வைத்தார்கள். நாலும் சேர்ந்தால் ஒரு கட்டில் அகலம். மேலே கண்ணாடி, அடியில் கருநீலம். பேட்டரியை நடு அறையில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே வைத்தார். இதற்கு என்ன தீனி என்று கேட்டேன். "ஒண்ணுமே வேணாம். வெயில் பட்டாப் போதும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர எனக்கு அவர் வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. பின்னால் நடந்ததற்கு நான் பொறுப்பா, இந்த வாக்கியம் பொறுப்பா என்று இன்னும் தீரவில்லை.

அது கோடைத் தொடக்கம். கோடையில் கூழ் வடகம் போடாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. தரையில் போட்டால் கோழி, திண்டில் போட்டால் காக்கை, ஆடு படியேறியும் வரும். இடுப்பு உயரத்தில், கட்டில் அகலத்தில், தொட்டால் சுடும் கண்ணாடி மேடை ஒன்று சும்மா கிடந்தால் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் மனசு ஆறும்? பலகை வந்த மூன்றாம் நாள், அவர் பள்ளிக்கூடம் போனதும், பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து அதன்மேல் விரித்து வடகம் ஊற்றினேன். ரெண்டு நாள் காய வேண்டியது ஒரே நாளில் சலசலவென்று வந்துவிட்டது. அவர் வருவதற்குள் எடுத்து வைத்தேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. பொழுது சாய்ந்தால் எடுப்பதுதானே வழக்கம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒரு வடகத்தை ஒடித்துப் பார்த்தாள். "மதினி, ஒங்க வீட்டு வெயிலு எங்க வீட்டு வெயில விட ஒசத்தியா இருக்கே" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து திங்கள் அவள், செவ்வாய் அவள் நாத்தனார் என்று முறை வைத்து வந்தார்கள். சனி, ஞாயிறு அவர் வீட்டில் இருப்பார், மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து திருத்த வேண்டிய பேப்பர்களைப் பரப்பிவிடுவார் என்பதால் அந்த ரெண்டு நாளும் வடகத்துக்கு விடுமுறை.

விளக்கு எரிந்தது. ஆனால் முழங்கால் வலிக்காரர் படியேறுவது மாதிரி எரிந்தது. ஞாயிறும் திங்களும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். புதனுக்கு மேல் ட்யூப்லைட்டின் ரெண்டு நுனி மட்டும் சிவக்கும். பிள்ளைகள் பழையபடி லாந்தரை ஏற்றிக்கொண்டார்கள். அவர் விடவில்லை. சிமெண்டுத் தரை பேட்டரியை உறிஞ்சுகிறது என்று யாரோ சொல்ல, பேட்டரியை பெஞ்சில் ஏற்றினார். பெஞ்சு மரம் சரியில்லையோ என்று மாற்றுப் பெஞ்சு பார்த்தார். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். காலையில் பல் விளக்குமுன் பேட்டரிக்குள் கண்ணாடிக் குழாயை விட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

கடைசியில் மலைகளைப் பிடித்தார். கிழக்கே இருக்கும் மலை சூரியனைத் தாமதமாக விடுகிறது, மேற்கே இருக்கும் மலை சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது, நடுவில் நம் பள்ளத்தாக்குக்கு மிஞ்சுவது ஊட்டமில்லாத வெயில். இதைப் படம் போட்டு, கோணம் குறித்து, கம்பெனிக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார். அந்த வெயிலில்தான் நான் அன்று காலை மூன்று படி வடகம் காயவைத்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மூன்று மாதம் முடிய இன்னும் ரெண்டு வாரம். பலகை போனால் போஸ்ட் வரும், போஸ்ட் வந்தால் கிரைண்டர் வரும்.

கடிதத்துக்குப் பதிலாக என்ஜினியர் ஒருவரையே அனுப்பிவிட்டார்கள். சின்ன வயசுக்காரர். என் கணவர் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்து, உச்சி வெயிலில் வந்து நின்றார். மோர் கொடுத்து மாடிக்கு அழைத்துப் போனேன். அன்று நாத்தனார்காரி முறை. பலகை நாலும் வெள்ளை வேட்டிக்கு அடியில் இருந்தன.

என்ஜினியர் வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். கூழ் வடகம் என்றேன். எத்தனை நாளாக என்றார். வந்த மூன்றாம் நாளிலிருந்து என்றேன். அவர் அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"வெயில் பலகை மேல விழணும்மா."

"விழுதே தம்பி. தொட்டுப் பாருங்க, சுடுது. துணியும் மெல்லிசுதான்."

சூடு வேறு, வெளிச்சம் வேறு என்று அவர்தான் எனக்கு முதன்முதலில் விளக்கினார். வெளிச்சம் பட்டால்தான் கரண்டாம். மலைகளின் கோணமும் பெஞ்சுகளும் ஞாபகம் வந்தன. அறிக்கையில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். இடம் சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், நல்ல பிள்ளையாகத் தெரிந்தார், நான் சொன்னால் எழுதியிருப்பார். தோள்பட்டை வேறு எழுதச் சொல் எழுதச் சொல் என்றது. ஆனால் ஒரு மனுஷன் என்னால் சூரியன் மேலேயே சந்தேகப்பட்டுக் கிடக்கிறாரே என்று பாவமாகப் போய்விட்டது. பார்த்ததை எழுதுங்கள் என்று சொல்லி, ஒரு பொட்டலம் வடகமும் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் என் கணவரிடம் நானே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாடிக்குப் போனார், பலகையைத் தடவிப் பார்த்தார், காய்ந்து ஒட்டியிருந்த ஒரு துணுக்கு வடகத்தை எடுத்து வாயில் போட்டார். இறங்கி வந்து நோட்டை எடுத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்து டைம்டேபிள் மாதிரி ஒன்று சுவரில் ஒட்டப்பட்டது. முதல் நாலு பீரியடு கரண்ட். மத்தியானம் மணி அடித்ததும் வடகம். புதுக் கணக்கில் வடகம் வருமானப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அரிசி இவ்வளவு, உப்பு இவ்வளவு, பச்சைமிளகாய் இவ்வளவு, வேட்டி துவைக்க சோப்பு இவ்வளவு. உத்தமபாளையம் சந்தையில் விற்றால் கிடைக்கும் லாபத்திலேயே புது பேட்டரி வாங்கிவிடலாமாம். போஸ்டுக்கு இனி வேலையே இல்லை என்று நோட்டை என் பக்கம் திருப்பினார்.

நான் மேலிருந்து கீழ்வரை படித்தேன். சோப்புக்கூட இருந்தது.

"இதுல அரைக்கிறது எங்கன இருக்கு?"

"அது நம்ம வீட்டு ஆட்டுக்கல்லுதானே, அதுக்கு என்ன செலவு?"

"கல்லு நம்ம வீட்டுது. கை யாரோடது?"

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ரெண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார். கணக்கில் ஒரு உறுப்பு விட்டுப்போனது அவருக்கே தெரிந்தது. ஆனால் அளக்காமல் எதையும் எழுத மாட்டாரே. ஒரு படிக்கு எவ்வளவு நேரம் என்று தானே அரைத்துப் பார்த்துவிடுவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். மூன்று படி ஊறவைத்திருந்தேன், குறைத்துக் கொடுக்கவில்லை. முதல் ஐந்து நிமிஷம் வட்ட இயக்கத்தைப் பற்றிப் பேசினார். அப்புறம் பேச்சு நின்றது. அப்புறம் இடது கைக்கு மாறினார், மாவு என் முகத்துக்கு வந்தது, திரும்பவும் வலது கைக்கு வந்தார். எழுந்திருங்கள், நான் பார்க்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். கணக்கு முடியட்டும் என்றார். முடிக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் பூசையில் சிலுவை அடையாளம் போடக் கை மேலே வரவில்லை. நெற்றிக்குப் பதிலாக நெஞ்சிலேயே ஆரம்பித்து நெஞ்சிலேயே முடித்தார். சாமியார் பீடத்திலிருந்து பார்த்தார். திங்கட்கிழமை கரும்பலகையில் முக்கோணமெல்லாம் இடது கையால் சாய்ந்து விழுந்தனவாம். "ஒனக்கு டெய்லி இப்படியா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். செவ்வாய்க்கிழமை போஸ்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

பலகையைத் திருப்பி அனுப்ப ஒரு படிவம். அதில் காரணம் என்று ஒரு கட்டம். உண்மையை மட்டும் எழுதுகிறவர், குண்டு குண்டாக எழுதினார்: "என் மனைவியின் வலது கை."

லைன் வந்து, கிரைண்டரும் வந்த பிறகு, கம்பெனியிலிருந்து பயந்துபோன ஒரு கடிதம் வந்தது. எங்கள் சாதனத்தால் அம்மாவுக்கு ஷாக் ஏதும் அடித்ததா, டாக்டரிடம் காட்டினீர்களா, இப்போது கை எப்படி இருக்கிறது என்று விசாரித்திருந்தார்கள். அவர் சிரித்துவிட்டு நோட்டுக்குள் செருகப் போனார். நான் வாங்கி இன்னொரு தடவை படித்தேன். பதினேழு வருஷத்தில் என் கை எப்படி இருக்கிறது என்று கேட்டு வந்த கடிதம் அது ஒன்றுதான். பதில் போடுங்கள் என்றேன். இப்போது தேவலை என்று எழுதிவிட்டு, கையெழுத்து மட்டும் என்னைப் போடச் சொன்னார்.